புல்லுக்காக ஒரு சுவரொட்டி

(நம் சங்கத்தின் திங்கட்கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

நாம் புலவர் அல்லர்; பட்டம் பெற்றவரும் அல்லர். பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, இருபதாண்டுகட்கு மேலாகச் சித்தூரிலும் திருப்பதியிலும் இரயில் நிலையங்களில் பயணச்சீட்டுக் கொடுத்தும் கணக்கெழுதியும் காலங்கழித்தவர். இம்மேடையில் திருக்குறளும் சிலம்பும் பேசிய அறிஞர்க்குப் பின்னே, 'புல்' என்னும் பொருள் பற்றிப் பேச முன்வந்தது கண்டு சிலர் நகைக்கலாம். நகைத்துவிட்டுக் கேட்டால் போதும். வருகின்ற ஆண்டு விழாவன்று நாம் செய்யவிருக்கும் ஒரு காரியத்தைப் பற்றியதே இப்பேச்சு.

2017ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 3ஆம் நாள் முதல் 7ஆம் நாள் வரை, திருப்பதி திருவேங்கடவன் பல்கலைக்கழகத்தில் இந்திய அறிவியல் மாநாட்டின் 104ஆவது கூட்டம் நடைபெற்றது. 1914இல் கல்கத்தாவில் தொடங்கிய மாநாடு அது. 1983ஆம் ஆண்டும் இதே திருப்பதியில் கூடியதுண்டு; அப்போது பிரதமராயிருந்த இந்திரா காந்தி அம்மையார் நாட்டின் தொழில்நுட்பக் கொள்கையை இங்கேதான் வெளியிட்டார். 2017இல் நோபல் பரிசு பெற்ற அறிஞர்களும் வந்தனர். ஆயினும் நம் கண்ணிற் பட்டவர்கள் அவர்கள் அல்லர். வண்டியிலிருந்து இறங்கிய இளைஞர் பலர் தோளிலே நீண்ட குழல் ஒன்றைத் தொங்கவிட்டிருந்தனர். துப்பாக்கியோ, தூண்டிலோ என்று ஐயுறும்படி இருந்தது. சாளரத்தருகே நின்று வழி கேட்ட ஓர் இளைஞரிடம், "குழலுக்குள் என்ன, தம்பி?" என்று வினவினோம். "மூன்றாண்டு உழைப்பு, ஐயா" என்றார். உள்ளே சுருட்டி வைத்திருந்தது ஒரே ஒரு தாள்.

அத்தாளுக்கு ஆங்கிலத்தில் 'போஸ்டர்' என்று பெயர். நாம் சுவரொட்டி என்றால் சினிமாவும் தேர்தலும் நினைவுக்கு வரும். இஃது ஆய்வுச் சுவரொட்டி. மாநாட்டிலே மேடையேறிப் பேசச் சிலர்க்கே நேரங் கிடைக்கும். மற்றையோர் தம் ஆராய்ச்சியை ஏறத்தாழ ஒரு மீட்டர் அகலமுள்ள தாளிலே எழுதி, படமும் வரைபடமும் சேர்த்து, பலகையில் ஊசி குத்தி மாட்டிவிட்டுப் பக்கத்திலே நிற்பர். போவோர் வருவோர் நின்று பார்ப்பர்; கேட்பர்; நிற்பவர் விடை சொல்வர். பன்னாட்டு அறிவியற் கூட்டங்களில் இம்முறை புகுந்தது 1969ஆம் ஆண்டில்; ஐரோப்பிய உயிர்வேதியியல் அறிஞர்கள் ஸ்பெயின் நாட்டு மாட்ரிட் நகரிற் கூடியபோது. 1974இல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரக் கூட்டத்திலும் இதனைக் கைக்கொண்டார்கள். இன்று இம்முறை இல்லாத மாநாடே இல்லை எனலாம்.

மேடைப் பேச்சிலே கேட்போர் எழுந்துபோக நாணி அமர்ந்திருப்பர் — இப்போது நீங்கள் அமர்ந்திருப்பது போல! சுவரொட்டிக்கு அந்தச் சலுகை இல்லை. பிடித்தால் நிற்பர்; பிடிக்காவிடில் நடப்பர். முன்னாளில் நெடுந்தொலைவு வண்டிகளின் பெட்டி வாயிலிலே, இடம் பெற்றோர் பெயர்ப்பட்டியலை ஒட்டுவோம். அதைப் படித்தவர் எத்தனை பேர்! எழுத்து மங்கலாயிருக்கும், வெளிச்சம் இராது, இருந்தும் கழுத்தை நீட்டி நீட்டிப் படிப்பர். ஏன்? தம் பெயர் அதில் இருக்கின்றதா என்று தேடுகின்றனர். ஆராய்ச்சித் தாளிலும் தம் பெயரைக் காண்பவனே அதன்முன் நிற்பான் என்பது எம் எண்ணம். இவ்வெண்ணம் எமக்கு எப்படி வந்தது என்பதைப் பின்னர்ச் சொல்வோம்.

இனிப் புல்லுக்கு வருவோம். வட அமெரிக்காவின் நடுப்பகுதியில் 'பிரெய்ரி' என்னும் பெரும் புல்வெளி பரந்து கிடந்தது. ஆளுயரப் புல், குதிரைமேற் செல்பவனும் மறையும்படி வளரும் இடங்களும் உண்டாம். வெளியே தெரிவதினும் மண்ணுக்குள் இருப்பது மிகுதி. சில புல்லின் வேர் பத்தடிக்கும் கீழே இறங்கும். 1837இல் ஜான் டியர் என்னும் கொல்லர் இல்லினாய்ஸ் நாட்டிலே எஃகுக் கலப்பை செய்தார். அதுவரை ஒட்டிப் பிடித்துக்கொண்டிருந்த கரிய மண் கலப்பைக்கு வழிவிட்டது. அதன்பின் புல்வெளி சோளக்கொல்லை ஆயிற்று. இல்லினாய்ஸ் மாநிலத்தைப் 'பிரெய்ரி மாநிலம்' என்றே அழைக்கின்றனர். அங்கே எஞ்சிய பழைய புல்வெளியோ நூற்றில் ஒரு பங்கும் இல்லை.

எஞ்சியது எங்கே எஞ்சியது தெரியுமா? இதைக் கேட்டபோது எம் நெஞ்சு நிமிர்ந்தது. பழைய கல்லறைத் தோட்டங்களிலும், இரயில் பாதையின் இருமருங்கிலும்! பாதைக்கென்று கையகப்படுத்திய நிலம் உழவுக்குப் போகவில்லை. வேலியிட்டமையால் மாடும் புகவில்லை. நீராவி எஞ்சினின் தீப்பொறி பறந்தும், பாதைப் பணியாளர் கொளுத்தியும், அவ்வப்போது புல் எரிந்தது. எரிந்தால் அழியாதா எனின், அழியாது. வேர் உள்ளே உயிரோடிருந்து மழைக்குத் தளிர்க்கும். மரக்கன்றுகளே தீயில் மடியும். இவ்வாறு மரம் வராமல் தடுக்கப்பட்டுப் புல்வெளி பிழைத்தது. புல்லைக் காப்போம் என்று எண்ணி எந்த இரயில்வேக்காரனும் இதனைச் செய்யவில்லை. ஆயினும் நம் உத்தியோகத்துக்கு உலகில் இப்படியும் ஒரு புகழ் உண்டு என்பதைப் பிள்ளைகள் அறிந்துகொள்ளட்டும்.

1930களின் நடுவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தார் மேடிசன் நகரிலே பழம் புல்வெளியொன்றை மீண்டும் உண்டாக்கத் தொடங்கினார்கள். கைவிடப்பட்ட வயலிலே, மரம் நடுவதுபோலப் புல்லை நட்டார்கள். பின்னர், 1968இல் இல்லினாய்ஸ் மாநிலத்துக் கேல்ஸ்பர்க் நகரின் நாக்ஸ் கல்லூரியில், புல்வெளிக்கென்றே ஒரு மாநாடு கூடியது. கேல்ஸ்பர்க் பெயர்பெற்ற இரயில் நகரம் என்பதையும் சொல்லாமற் போக மனம் வரவில்லை. அம்மாநாடு தொடர்ந்து பல ஊர்களில் நடந்துவந்தது. கனடா நாட்டாரும் 1986இல் எட்மன்டனிற் கூடி, புல்வெளியையும் அங்கே அழிந்துவரும் உயிர்களையும் காப்பதற்கான கூட்டங்களைத் தொடங்கினர். இத்தகைய கூட்டங்களில் மாணவர் பலர் தம் சுவரொட்டியோடு வந்து நிற்கின்றனர். ஒருவர் ஒரு சிட்டுக்காக நிற்பார். ஒருவர் ஒரு வண்ணத்துப்பூச்சிக்காக நிற்பார். வழக்குமன்றத்திலே வாயில்லாதவனுக்காக வழக்கறிஞர் நிற்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நம் நாட்டிலே புல்லுக்கு நிற்பவர் குறைவு. தமிழிலே 'புன்மை' என்றால் இழிவு. நீரில்லா நிலத்தைப் 'புன்செய்' என்றோம். அற்பனைப் 'புல்லன்' என்றோம். தொல்காப்பியர் ஒருவரே புல்லுக்குப் பெருமை செய்தவர். வெளியே வயிரமுடையது புல், உள்ளே வயிரமுடையது மரம் என்று வகுத்து, தென்னையையும் பனையையும் புல்லின் பக்கம் சேர்த்துவிட்டார். தெலுங்கிலே உழாத நிலத்துக்குப் 'பீடு' என்று பெயர். தமிழிலோ பீடு என்றால் பெருமை! சித்தூர் நிலையத்தில் நாம் பணியேற்ற புதிதில், உழவர் ஒருவர் தம் நிலம் முழுதும் பீடாகிவிட்டது என்று தெலுங்கில் வருந்திச் சொல்ல, நாம் அவரைப் பாராட்டிவிட்டோம். அவர் முகம் போன போக்கு இன்றும் கண்ணில் நிற்கின்றது.

அரசின் கணக்கும் இவ்வாறே. 2000ஆம் ஆண்டில் முதன்முதலாக வெளியான இந்தியத் தரிசுநில வரைபடத் தொகுப்பிலே, மேய்ச்சல் நிலங்களும் புதர்க்காடுகளும் பல தரிசு என்னும் தலைப்பிலே அடங்கின. தரிசு என்று எழுதிவிட்டால், அங்கே எதைக் கொண்டுவந்தாலும் முன்னேற்றம் ஆகிவிடும். திருமலையின் காட்டுக்கு 1989இல் தேசியப் பூங்கா என்னும் காவல் கிடைத்தது. 2010இல் சேஷாசலம் உயிர்க்கோளக் காப்பகம் ஆயிற்று. மகிழ்ச்சியே. மலையடிவாரத்திலிருந்து கடப்பை, கர்னூல் வரை பரந்துகிடக்கும் வெட்டவெளிப் புல்லுக்கோ, அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் காவல் வாய்த்தது. கர்னூல்ப் பக்கத்து ரொல்லபாடு அவற்றுள் ஒன்று. கானமயிலுக்காக 1988இல் ஏற்பட்ட காப்பிடம். கானமயில் ஓராள் இடுப்பளவு உயரமுள்ள பறவை. அதனை நாட்டுப் பறவையாக்க வேண்டுமென்று சாலிம் அலி விரும்பினார். 1963இல் மயிலுக்கே அப்பெருமை வாய்த்தது. இன்று கானமயில் நாடு முழுவதிலும் இருநூற்றுக்கும் குறைவு.

கடப்பையின் கதை வேறு. 1848இல் ஜெர்டன் என்னும் மருத்துவர் இப்பக்கத்தில் ஒரு சிறு பறவையைக் கண்டறிந்தார். புதரும் புல்வெளியும் கலந்த இடத்திலே இரவில் ஓடித்திரிவது. தெலுங்கில் 'கலிவிகோடி' என்பர். 1900இல் காணப்பட்டபின் எவர் கண்ணிலும் படவில்லை. அழிந்ததென்றே ஏடுகள் எழுதின. எண்பதுகளில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் வந்து தேடினர். எப்படித் தேடினர்? பறவையின் படத்தை ஊர்மக்களிடம் காட்டி, "இதைக் கண்டதுண்டா?" என்று கேட்டனர். கண்டதுண்டு என்றவர்களுள் உள்ளூர் வேடர் ஒருவர், 1986 சனவரியில் இரவிலே விளக்கொளி கொண்டு அதனைப் பிடித்தே கொணர்ந்தார். எண்பத்தாறு ஆண்டு அறிஞர் காணாத பறவை, எழுத்தறியாதார் கண்ணுக்குமுன் ஓடிக்கொண்டிருந்தது! பிற்காலத்தில் அப்பறவையின் இருப்பிடத்தூடே கால்வாய் வந்தபோது, அதன் வழியையே மாற்றும்படி ஆயிற்று. நம் ரேணிகுண்டாவிலிருந்து குந்தக்கல் செல்லும் பாதையிலேதான் கடப்பை இருக்கின்றது. எத்தனை முறை அவ்வழியே தூங்கிக்கொண்டு போயிருக்கின்றோம்!

இனி நம் குடியிருப்புக்கு வருவோம். இங்கே பாதைப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரின் பேத்தி எம்.எஸ்ஸி. படிக்கின்றாள். பெயர் சொல்ல வேண்டா என்று அவளே கேட்டுக்கொண்டாள். யாரென்பது உங்களுக்குத் தெரியும். சென்ற ஆண்டு கல்லூரிக் கருத்தரங்கொன்றுக்காக அவள் ஒரு சுவரொட்டி செய்தாள். ஒத்திகை பார்க்க இடம் வேண்டுமென்று நம் படிப்பகத்துச் சுவரைக் கேட்டாள். சாவி எம்மிடம் இருந்தது. மாட்டி முடித்தவுடன், "மாமா, கோபித்துக்கொள்ளக் கூடாது. இது தாங்கள் நட்ட மரங்களைப் பற்றியதுதான்" என்றாள்.

பார்த்தோம். குடியிருப்புக்குப் பின்னே உள்ள மைதானத்தின் படம். நடுவிலே ஒரு தகரப் பலகை. அதிலே நம் சங்கத்தின் பெயர், வனமகோற்சவம் என்னும் எழுத்து, ஆண்டு, நாள். பெயர்ப்பட்டியலிலே நம் பெயரைக் கண்டுகொண்டோம்!

ஏழாண்டுகட்கு முன் அங்கே ஐம்பது கன்று நட்டோம். குழி தோண்டியவருள் நாமும் ஒருவர். கையிற் கொப்புளம் கண்டதைப் பெருமையாகப் பேசிக்கொண்டோம். 1950இல் முன்ஷி அவர்கள் தொடங்கிய வனமகோற்சவம் நல்ல நோக்கமுடையது. அதைக் குறைகூற நாம் யார்? ஆனால் அந்த வெளியில் முன்பு என்ன இருந்தது என்று நம்மில் ஒருவரும் கேட்கவில்லை. ஒன்றுமில்லை என்றே நினைத்தோம். ஊசிப்புல் இருந்தது, வேட்டியில் ஒட்டிக்கொண்டு வீட்டில் ஏச்சு வாங்கித் தரும் அதே புல். சுக்குநாறிப்புல் இருந்தது. வானம்பாடி இருந்தது. மஞ்சள் மூக்கு ஆள்காட்டி வெறுந்தரையில் முட்டையிட்டது. கல்லோடு கல்லாக அம்முட்டை தெரியாது. கோடையிற் பிள்ளைகள் பந்தாடப் போனால் அது தலைக்குமேல் வட்டமிட்டுக் கத்தும், நினைவிருக்கின்றதா? இப்போது கத்துகின்றதா?

நட்ட கன்றுகளுள் பதினொன்று பிழைத்தன. எஞ்சிய குழிகளிலே சீமைக்கருவேல் தானே வந்து குடியேறிற்று. பிழைத்த மரங்களிலே காக்கை அமர்கின்றது. கீழே முட்டை எங்கே இருக்கின்றதென்று மேலிருந்து பார்க்கின்றது. மரமில்லாத வெளியிலே காக்கைக்கு அந்த வசதி இல்லை. ஒரு பக்கம் மரமுள்ள பகுதி, மறுபக்கம் வண்டிப் பணிமனை வேலியையொட்டி நாம் கன்று நடாமல் விட்ட பகுதி. ஒரு கோடை முழுதும் விடியற்காலையில் இரண்டிலும் நடந்து, கூடுகளைக் கண்டு குறித்திருந்தாள். கூடுகள் எல்லாம் நடாத பகுதியிலேதான்.

எமக்குச் சினம் வந்தது உண்மை. "ஊரே மரம் நடு என்கிறது, நீ மட்டும்..." என்று தொடங்கினோம். அவள் மறுத்துப் பேசவில்லை. தாளின்பக்கம் ஒதுங்கி நின்று, படத்தைப் பார்க்க விட்டாள். அவ்வளவே.

அன்று மாலை படிப்பகத்திற்கு வந்தோர் பலரும் கேட்டார்கள். நம் தாய்மார் ஒருவர், "ஆடு மேய்ந்தால் புல் அழியாதா?" என்றார். அளவாய் மேய்ந்தால் அழியாது, அளவு மீறினால் அழியும் என்றாள். ஒரு சிறுவன், "புல்லுக்கும் காக்கைக்கும் சண்டையா?" என்றான். அதற்கு அவளுக்கே விடை தோன்றவில்லை.

மறுநாள் அம்மைதானத்தில் ஆடு மேய்க்கும் தெலுங்குப் பெரியவரை அழைத்துவந்தாள். அவர் உள்ளே வர முதலில் தயங்கினார். வந்தபின் ஒவ்வொரு படத்தின் கீழும் விரலை வைத்துத் தெலுங்குப் பெயர் சொன்னார். ஒரு படத்தில் விரல் நின்றது. "இது ஆள்காட்டியின் முட்டை அன்று" என்றார். அந்தப் பறவை நான்கு முட்டை இடும். கூரிய முனைகள் நான்கும் உள்நோக்கி இருக்கும். படத்திலே இருப்பவை இரண்டே. இது இரவிற் கத்தும் பெரிய கண்ணுடைய பறவையின் முட்டை என்றார். அவள் நூலைப் புரட்டினாள். அவர் சொன்னதே சரி. அது கண்கிலேடியின் முட்டை. அச்சடித்த தாளிலே வெள்ளைக் காகிதம் ஒட்டித் திருத்தினாள். கருத்தரங்கிற்கு அந்த ஒட்டோடுதான் சென்றது.

பரிசு கிடைத்ததா என்று கேட்பீர்கள். கிடைக்கவில்லை. நடுவர் நின்றது இரண்டு நிமிடம். அவர் ஒன்று கேட்டாராம்: "ஒரு கோடையைக் கொண்டு எப்படி முடிவு சொல்வது? மழை குறைந்த ஆண்டாயிருந்தால்? நாய்த் தொல்லை அந்தப் பக்கம் மிகுதியாயிருந்தால்?" நியாயமான கேள்வி. தன் தாள் ஒன்றையும் மெய்ப்பிக்கவில்லை, ஐயத்தைத்தான் எழுப்பியது என்று அவளே ஒப்புக்கொள்கின்றாள். இன்னும் மூன்று கோடையாவது பார்க்கவேண்டும் என்பது அவள் விருப்பம்.

இங்கேதான் நம் காரியம் வருகின்றது. வருகின்ற ஆண்டு விழாவன்று, எஞ்சிய அந்தப் பகுதியிலும் ஐம்பது கன்று நடுவதென்று சென்ற கூட்டத்தில் தீர்மானித்தோம். அதனை வழிமொழிந்தவர் நாமே. பதிவேட்டில் கையெழுத்து இருக்கின்றது. கன்றுகளும் வந்து செயலாளர் வீட்டு வாயிலில் நிற்கின்றன. நட்டுவிட்டால் அப்பெண் பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் இராது. அவள் ஐயம் சரியா தவறா என்பதும் நமக்குத் தெரியாமலே போகும்.

கன்றுகளை வீணாக்கச் சொல்லவில்லை. கடைத்தெருவிலிருந்து பள்ளிவரை சாலையின் இருபுறமும் நிழலே இல்லை; பிள்ளைகள் புத்தகப்பையைத் தலையில் வைத்துக்கொண்டு வருகின்றனர். தண்ணீர்த் தொட்டியண்டை இடம் உண்டு. நீர் ஊற்றவும் எளிது. புங்கமும் வேம்பும் அங்கே நன்றாய் வரும். மைதானத்தில் நாம் செய்யத்தக்க வேலை, சீமைக்கருவேலை வேரோடு பிடுங்குவது. அதற்கும் கையிற் கொப்புளம் காணும். பெருமை பேசிக்கொள்ளத் தடையில்லை. 2026ஆம் ஆண்டை மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்போர்க்கும் உரிய பன்னாட்டு ஆண்டாக ஐக்கிய நாடுகள் அவை 2022இலேயே அறிவித்தது. விழா மலரிலே அதனைக் குறிப்பிட்டு, ஆட்டுக்காரப் பெரியவருக்கு ஒரு துண்டு போர்த்தினால் நம் சங்கம் குறைந்துவிடாது.

தீர்மானத்தை மாற்றப் பொதுக்குழுவுக்கே உரிமை. ஆகவே அவைத் தலைவர் அவர்கள் இதனை அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலிற் சேர்க்க வேண்டுமென்று எழுத்து மூலமாகவே கேட்டிருக்கின்றோம். அதுவரை சுவரொட்டி படிப்பகத்தில் இருக்கும். ஞாயிறுதோறும் காலை 10 மணிமுதல் 11 மணிவரை அப்பெண் அதன் பக்கத்தில் நிற்பாள். மரம் நடவேண்டும் என்னும் கட்சியார் அவசியம் வரவேண்டும். கடினமான கேள்விகளோடு வரவேண்டும். சாவி எம் வீட்டில் இருக்கும்.